திரும்பக் கூடாது

சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இடது கை நெஞ்சில். வலது கை பின்னால், சங்கிலியைப் பிடித்தபடி.

சங்கிலியின் மறுமுனையில் செம்பி. முன்னங்காலில் மாவுக்கட்டு. அவருக்கும் தெருவோரம் நின்ற காருக்கும் நடுவே, புங்கைச் சருகுகளை முகர்ந்துகொண்டிருந்தது.

நேற்றுக் காலையிலிருந்து அது ஒரு சொட்டு மூத்திரம்கூடப் போகவில்லை. வயிறு கல்லாகக் கிடக்கிறது. மதியத்துக்குள் போகாவிட்டால் குழாய் வைக்க வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எலும்பு சேரும்வரை அவிழ்த்துவிடவும் கூடாது.

பிறகு ஒன்று கேட்டார்.

"குட்டியா இருக்கும்போது வீட்டுக்குள்ள போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

அவர் கண்ணில் வீட்டுத் தரைதான் வந்து நின்றது.

புதிதாகப் பதித்த தரை. கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை அந்த ஈரத்திலேயே வைத்துத் தேய்ப்பார். அப்படித்தான் பழக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பழகியும்விட்டது. கட்டிலுக்கடியில் போகும். மாடிப்படி மறைவில் போகும். தோட்டத்தில் அவர் தலை தெரிந்தால் அடக்கிக்கொள்ளும்.

வீட்டுக்குள் போகக் கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

அவர் கண்ணெதிரில் போகக் கூடாது என்று அது கற்றுக்கொண்டது.

அதனால்தான் இந்தச் சுவர்.

சங்கிலி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்து, தளர்ந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டார்.

சருகில் ஒரு சொட்டு. அல்லது அவருக்கு அப்படிக் கேட்டது.

இன்னொன்று.

பிறகு சடசடவென்று, விடாமல்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த அன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. வாரித் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டார். திரும்பினால் நின்றுவிடும்.

போய்க்கொண்டே இருந்தது. இத்தனையையுமா உள்ளே வைத்திருந்தாய்.

எதிர்வீட்டு வாசலில் துடைப்பத்தின் சத்தம் நின்றது.

"ஏங்க. உங்களத்தான்."

அவர் அசையவில்லை. காருக்கு மேலாக அந்தம்மாவுக்குத் தெரிவது தன் தலையும் முதுகும் மட்டும்தான் என்பது மெல்ல உறைத்தது.

"போன வாரம்தான் வெள்ளையடிச்ச செவுரு. பாத்தா பெரிய உத்தியோகம் பாத்தவராட்டம் இருக்கீங்க. சலவை வேட்டி வேற. வீட்ல இதுக்கு ஒரு எடம் இல்லையா?"

பைக் ஒன்று வேகம் குறைந்தது.

"விடுக்கா. பெருசுக்கு சர்க்கரையா இருக்கும்."

சிரித்துக்கொண்டே போனான்.

காது மடல் எரிந்தது. ஒரு வார்த்தை போதும். நாய் என்று சொன்னால் போதும்.

வாயைத் திறந்தார்.

பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

சங்கிலி விறைத்தது. திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்தது, பாதி குந்தியபடி, காதைப் பின்னுக்கு மடித்து, அது தன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டார். சுவருக்கு இன்னும் நெருங்கி, தலையை இன்னும் தாழ்த்தினார்.

"வெக்கங்கெட்ட மனுஷன்," என்றாள் அந்தம்மா.

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சருகு மறுபடி நனையத் தொடங்கியது.