மடங்காத கத்தி

சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் செராஃபின் இன்னும் கத்தியை மடக்கவில்லை.

எங்கள் சவோய் மலையில், வீட்டுக்காரர் தன் மடக்குக்கத்தியை ‘டக்’கென்று மூடும்வரை விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது.

இன்றைய விருந்தாளி காஸ்பர். வாசலில் அவர் மகள் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கீழே நகரத்துக்கு, தன் வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூட்டிப்போக வந்திருந்தாள். காஸ்பரும் போய்விட்டால் இந்த மேட்டில் அடுப்பு எரிகிற வீடு செராஃபினுடையது ஒன்றுதான்.

“யோவ், மடக்கித் தொலையேன்யா. அவ என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா” என்றார் காஸ்பர்.

“மடங்க மாட்டேங்குது. பிடிக்கட்டை ஊறி உப்பிப்போச்சு.”

காஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கத்தியை அவருக்குத் தெரியாதா? இருவரும் ஒரே சந்தையில் ஒன்றாக வாங்கியது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூடப் பெறாத மரப்பிடிக் கத்தி. காஸ்பருடையது என்றோ தொலைந்துபோனது. இது ரொட்டி வெட்டியது, ஆட்டுக் குளம்பு சீவியது, செராஃபின் மனைவியின் கல்லறைக்குப் பூ நறுக்கியது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. ஆனால் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

“கொண்டா இங்க. உன் கையில தெம்பில்ல, கத்தி மேல பழி போடுற.”

வாங்கியதும் பிடி சில்லென்றிருந்தது. அழுத்தினால் தண்ணீர் கசிந்து உள்ளங்கை நனைந்தது.

கத்தியைத் தண்ணீரில் காட்டவே மாட்டோம் நாங்கள். ரொட்டித் துண்டால் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொள்வோம். மழை பெய்தும் ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

காஸ்பர் அடுப்போரம் இருந்த தண்ணீர் வாளியைப் பார்த்தார். செராஃபின் முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அழுத்திய விரலுக்கு அலகு மெல்ல நகர்ந்து கொடுத்தது. எவ்வளவு நேரம் ஊறியதோ, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஆமாய்யா. இறுகித்தான் போயிருக்கு.”

திறந்தபடியே அதை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ரொட்டி தீர்ந்திருந்தது. பாலாடைக்கட்டியில் தோல்தான் மிச்சம். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காஸ்பர் மூக்கை உறிஞ்சி, சளி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மறுபடி ஹாரன். இந்த முறை நீளமாக.

செராஃபின் கையை நீட்டிக் கத்தியை எடுத்தார். கால்சட்டையில் ஈரத்தைத் துடைத்தார்.

எப்போதும்போல அது லேசாக மடங்கியது.

டக்.