அண்ணியின் கத்தரி

சலூன் நாற்காலியில் கொழுந்தன் சிறைப்பட்டிருக்கிறான். தலையில் ஒரு பக்கம் வெட்டாந்தரை, மறுபக்கம் புலி ஒளியும் காடு. சன்னல் வெயில் அண்ணியின் கத்தரியில் மின்னுகிறது. நாளை ஆங்கில நேர்காணல். தேறினால்தான் அவளுக்குப் பெரிய சலூனில் வேலை.

"தலை நிறைய இருந்தா ஹேர். துணியில உதிர்ந்த ரெண்டு முடின்னா ஹேர்ஸ்." ஏழுலகத்துக்கும் கேட்கும்படி சொல்கிறாள்.

"உங்க கையில மாட்டினா எனக்கு மிஞ்சறதும் ரெண்டு ஹேர்ஸ்தான் அண்ணி. ஆபீசுக்கு நேரமாச்சு, விடுங்க!"

கத்தரி அந்தரத்தில் நிற்கிறது. "கேள்வி கேளுங்க தம்பி. இல்லாட்டி இந்தக் கோலத்துலயே ஆபீசுக்குக் கிளம்புங்க."

கண்ணாடியைப் பார்க்கிறான், பெருமூச்சு சலூனையே தூக்குகிறது. "அவளுக்கு நீளமான கூந்தல். இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"ஷி ஹேஸ் லாங் ஹேர்."

"சரிதான் அண்ணி."

சரக்கென்று ஒரே ஒரு வெட்டு. கத்தரி மறுபடி நிற்கிறது.

"அடுத்தது?"