சுத்தமான வெண்ணெய்

"இந்த வீட்டுக்குள்ள பன்றிக் கொழுப்பு வந்தா, நான் வெளியே போயிடுவேன்" என்றார் கணவர், அடுப்பில் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தின் மூன்றாவது துண்டை வாயில் போட்டபடி.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மென்று கொண்டிருந்ததே பன்றிக் கொழுப்பில் செய்த பைதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே கச்சேரி. கணவரின் அக்கா வந்து உட்கார்ந்ததும் தம்பிக்கு வாய் நீளும்.

"அந்த வாடை பட்டாலே எனக்குக் குமட்டும்க்கா. இவ வெண்ணெயைத் தவிர எதையும் தொடமாட்டா."

"பின்னே? வெண்ணெய் வாங்க வக்கில்லாதவங்க சமாச்சாரம் அது" என்பாள் நாத்தனார்.

இத்தனைக்கும் அது சைவக் குடும்பம் இல்லை. பன்றி வறுவலை எலும்பு வரை சப்புகிறவர்கள்தான். அதன் கொழுப்பில் மாவு பிசைந்தால் மட்டும் கௌரவம் கப்பலேறிவிடும்.

கல்யாணமான புதிதில் அவளும் வெண்ணெயில்தான் செய்தாள். அவளுக்குச் சூட்டுக் கை. பிசைவதற்குள் வெண்ணெய் உருகி, மேலோடு செருப்புத் தோலாக வெந்து வரும். இரண்டாவது வாரமே பிறந்த வீட்டு வழக்கப்படி பன்றிக் கொழுப்புக்கு மாறிவிட்டாள். ஓடு ஏடு ஏடாக உதிர்ந்தது. "சுத்தமான வெண்ணெய்தானே?" என்று நாத்தனார் கேட்டபோது தலை தானாக ஆடிவிட்டது.

அந்தத் தலையை ஒன்பது வருஷமாக நிறுத்த முடியவில்லை. மேல் அலமாரியில், 'சோடா உப்பு' என்று எழுதிய டப்பாவுக்குள் கொழுப்பு. வாசனைக்கு மேலே தடவ ஒரு ஸ்பூன் வெண்ணெய். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு நாத்தனார் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடுத்த வாரம் எங்க வீட்டுல விருந்து. நானே இதைச் செய்யப் போறேன். நீ இப்பவே இன்னொண்ணு செய். நான் பக்கத்துலயே நின்னு பார்க்கணும்."

"இப்பவா அண்ணி? ஆப்பிள் தீர்ந்து போச்சே."

"வரும்போதே வாங்கிட்டு வந்துட்டேன்."

தப்பிக்க வழியே இல்லை. நிஜமாகவே வெண்ணெயில் செய்தால் ஓடு தோலாகும். ஒன்பது வருஷப் பொய் நாத்தனார் கையில் சிக்கும். அவள் கையில் சிக்கியது அன்று சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் எட்டிவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது?

"நீங்க கையைக் கழுவிட்டு வாங்க. நான் போய் அடுப்பைச் சூடு பண்ணி வைக்கறேன்" என்று எழுந்தார் கணவர்.

தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குள் நுழையாதவர். இன்றைக்குப் பார்த்தா இந்த அக்கறை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. இவர்கள் போனபோது அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அதன் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நாத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

நடப்பது நடக்கட்டும் என்று அவள் குளிர்பெட்டியிலிருந்து வெண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. தொட்ட விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. கொழுப்பு.

"என்னம்மா, இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்றாள் நாத்தனார்.

அவள் அவசரமாக மாவுப் பாத்திரத்தை இழுத்தாள்.

"உப்பு போடாத வெண்ணெய் அப்படித்தான்க்கா இருக்கும்" என்று கணவர் கூசாமல் அளந்தார். "இந்த ஒரு கடையிலதான் கிடைக்கும். வேற எதையாவது கலந்தா நான் வாயில வைப்பேனா?"

பை வழக்கம்போலவே பிரமாதமாக வந்தது. நாத்தனார் இரண்டு துண்டு தின்றாள், ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள், அளவுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைச் சாத்தியதும் கணவர் கால்சட்டை பாக்கெட்டுக்குள் கையை விட்டார். சொட்டச் சொட்ட வெளியே வந்தது நிஜ வெண்ணெய். அடுப்புச் சூட்டில் பாதி அவர் தொடையோடு போயிருந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"நீ மாத்தின அன்னிக்கே. அதுக்கு முந்தின வாரம் கடிச்சு எனக்குப் பல்லு ஆடிச்சே."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அண்ணி அவங்க வீட்டுல வெண்ணெய் போட்டுச் செஞ்சா என்னங்க ஆகும்?"

"எழுதிட்டுப் போனது கொழுப்புக்கான அளவாச்சே, தோலாத்தான் வரும். உன் கைமணம் யாருக்கும் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா."

"சரி, எல்லாம் தெரிஞ்சுகிட்டே வாராவாரம் எதுக்கு அந்தத் திட்டு திட்டறீங்க? ஒன்பது வருஷமா எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது."

கணவர் பிசுபிசுத்த கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு முதல் துண்டைத் தின்னதுமே அக்காவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நான் இவ்வளவு திட்டிட்டு அதைத் திங்கறதைப் பார்த்துத்தான் வெண்ணெய்னு நம்பிட்டு இருக்கா."