நிமிராத பாலம்

சோதனைக்கு நிறுத்தியிருந்த மணல் லாரிகள் புதுப் பாலத்தைவிட்டு இறங்கிவிட்டன. பாலத்தின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த எட்டுக் கண்ணாடி இழைகளும் முடியைப் போல மெல்லியவை. பாரம் ஏறினால் இழுபடும், இறங்கினால் சுருங்கும். அந்த இழுபாட்டைக் காட்டும் திரையில் கோடுகள் இறங்குவதற்காக ஜெசிந்தா காத்திருந்தாள். அவை மெல்ல ஏறின.

“சென்சார் கெட்டிருக்கும்மா. தடுப்பை எடுக்கச் சொல்லிட்டேன்” என்றார் தலைமைப் பொறியாளர் கோதண்டம்.

“ஒண்ணு கெடலாம் சார். எட்டுமா கெடும்?”

அவர் வாய் திறப்பதற்குள் அக்கரையில் ஒரு பேருந்து கிளம்பிவிட்டது. ஜெசிந்தா கைகளை விரித்துக்கொண்டு பாலத்தின்மேலேயே ஓடினாள். பாதித் தூரத்தில் காலடியில் கான்கிரீட் முனகியது. “நிறுத்துங்க!” என்று கத்தினாள். பேருந்து பாலத்தின் விளிம்பில் குலுங்கி நின்றது.

நடுவில் நின்றவளுக்கு, இப்போது எந்தப் பக்கமும் காலை எடுத்துவைக்கத் துணிவு வரவில்லை.