உச்சி வெயிலில் ராத்திரி

"விடிஞ்சிருச்சுங்களா அக்கா?"

காலை வெயில் சுள்ளென்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. காவல் இயந்திரம் சின்னராசு அவளிடம் அதைத்தான் கேட்டது.



நேற்று ஆயுத பூஜை. உச்சி வெயிலில், கோயம்புத்தூரே வேர்த்துக் கொட்டும் நேரத்தில், சின்னராசு குடியிருப்பின் வாசல் கதவைச் சாத்திப் பூட்டியது. விளக்கையெல்லாம் போட்டது. வெளியே பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்ற சனத்திடம், "ராத்திரி ஆயிப்போச்சுங்க, காலையில வாங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தவர்களில் சங்கத் தலைவர் சாமியப்பனும் ஒருவர். மனிதருக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

கம்பெனிக்காரர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பழுதும் இல்லை. அப்படியென்றால் புத்திதான் பேதலித்திருக்கும், பிரித்துப் போட்டுவிடலாம் என்றார்கள். அள்ளிக்கொண்டு போக வண்டியும் கிளம்பிவிட்டது.

"வண்டி வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சா சரி அம்மிணி. இல்லீன்னா ஏத்தி உட்ருவோம்" என்று சொல்லியிருந்தார் சாமியப்பன்.

அவள் துப்பறிகிறவள். ஊர் முழுக்கக் கேமரா வந்த பிறகு துப்பறிகிறவர்களுக்கு என்ன பெரிய வேலை வந்து கிழிக்கிறது? காணாமல் போன பூனை, கல்யாண மண்டபத்தில் மாறிப்போன செருப்பு. இந்த வழக்கை மட்டும் அவளாகவே கேட்டு வாங்கினாள்.

அதே குடியிருப்பில் தனியாக இருக்கிறவள். எந்நேரம் வந்தாலும் "சாப்ட்டீங்களா அக்கா?" என்று கேட்க அவளுக்கு இருந்தது சின்னராசு ஒன்றுதான்.

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பூஜை நடந்த இடம் அப்படியே கிடந்தது. லிஃப்ட் கதவு, தண்ணீர் மோட்டார், பார்சல் ட்ரோன், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கவே மாட்டேன் என்று நேற்றிலிருந்து அடம்பிடித்துக்கொண்டு நின்றது.

துப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. வண்டி வந்துவிட்டது.

எல்லாரும் சின்னராசுவைச் சோதித்தார்கள். யாரும் அதனிடம் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

"இருட்டறதுக்கு முன்னால கடைசியா என்ன பாத்தே, சொல்லு கண்ணு?"

சின்னராசு யோசிக்கவேயில்லை.

"சாமியப்பன் ஐயாவோட கட்டைவிரலுங்க."

அவள் நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

சின்னராசு நல்ல உயரம். சாமியப்பன் கொஞ்சம் குள்ளம். எக்கி நின்று, கை எட்டிய இடத்தில், மனசார அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்திருக்கிறார். அது நெற்றிக்குப் போய்ச் சேரவில்லை. முகத்தின் நடுவிலிருந்த ஒற்றைக் கண்ணை அப்பி, காய்ந்துபோயிருந்தது.

நேற்றிலிருந்து எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள். எல்லா இயந்திரத்துக்கும் இருப்பதுதானே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முந்தானையை நனைத்துத் துடைத்தாள்.

"அட, நல்லாவே விடிஞ்சிருச்சுங்களே" என்றது சின்னராசு.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

சாமியப்பன் வண்டிக்காரரிடம் போய் என்னவோ சொன்னார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அவர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணோரம் மிச்சமிருந்த சந்தனத்தையும் அவள் வழிக்கப்போனாள்.

"முழுசா அழிச்சுப்போடாதீங்க அக்கா. எல்லாத்துக்கும் இருக்குதுங்களே. எனக்கு மட்டும் இல்லைன்னா எப்படிங்க? கொஞ்சம் மேல வெச்சா போதும்."

சாமியப்பன் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கட்டைவிரலை அதில் தோய்த்து, நேற்றுப் போலவே எக்கப் பார்த்தார்.

சின்னராசு முழங்காலை மடக்கி, அவருக்கு எட்டுகிற மாதிரி குனிந்தது.