தலைமாட்டில் ஒரு கொத்து

சந்திரம்மா முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டியிருந்தாள். இரண்டு கைகளிலும் பாலிதீன் பையை உறை மாதிரி மாட்டியிருந்தாள். படுத்திருந்த வத்சலாவின் தலைமாட்டிலிருந்து மாசிப்பத்திரிக் கொத்தைச் சத்தமில்லாமல் எடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வேதாந்தம் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். நேற்று தொட்டியில் இரண்டு செடி மாயம். இன்று படுக்கையறைக்கே வந்துவிட்டாள்!

அணுபுரம் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். "இது வூட்டுல கீற வரைக்கும் அம்மா பொழைக்காது சார்" என்று முந்தாநாள் தொட்டிச் செடியைக் காட்டி ஆரம்பித்தாள். வேதாந்தம் மேலே பேசவிடாமல் விரட்டினார்.

மனைவி வத்சலாவுக்கு மூச்சிரைப்பு. இன்னொரு தடவை கடுமையாக வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசிப்பத்திரி வாசனை நெஞ்சைத் திறக்கும் என்று யாரோ சொல்ல, வேதாந்தம் தபாலில் விதை வரவழைத்தார்.

மூக்குப்பொடி மாதிரி விதை. 'மேலாகத் தூவவும், மண் போட்டு மூட வேண்டாம்' என்றது பாக்கெட். டிராயிங் செக்‌ஷனில் இருபது வருஷம் ஸ்கேலும் கையுமாக இருந்தவர் சும்மா தூவிவிட்டுப் போவாரா? சாலையோரத்திலிருந்து சாக்கில் அள்ளி வந்த மண்ணில், சரியாக இரண்டு அங்குலம் அளந்து புதைத்தார். செடி என்னவோ மளமளவென்று வளர்ந்து, வெள்ளையாகப் பூக்கவும் பூத்தது.

ஆனால் கொத்து வைக்க வைக்க இரைப்பும் ஏறியது. வாசனை போதவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, இன்னும் இரண்டு கொத்து வைத்தார். பாவம், மனைவி மேல் அவ்வளவு உயிர்.

"ஏன்னா... மூச்சு முட்றது..." வத்சலா கண் விழித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

வேதாந்தம் பாய்ந்து சந்திரம்மாவின் கையைப் பிடித்தார். "படுபாவி! அவ உயிரை எடுக்கத்தான் வந்தியா? மருந்தை வெச்சுட்டு வெளியில போ!"

"மருந்தா?" அவள் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். "ரோட்டோர மண்ணுல தானா மொளைக்கிற இத்தப் புடுங்குற வேலைக்குப் போய்த்தான் நானே எளப்பு வந்து ஆறு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன்."

கொத்தை வெளியே வீசிவிட்டுத் திரும்பினாள்.

"இது பார்த்தீனியம் சார்!"