தாளம் தப்பியவர்

கிறிஸ்துமஸ் பூசையில், முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே பாடகர் குழு மாஸ்டர் பாக்கியநாதனின் கை ஒரு பக்கமும் பாட்டு இன்னொரு பக்கமும் போயின.

கிதாரோடு நின்ற ஜெயகுமாரி தந்தியிலேயே கண்ணை வைத்திருந்தாள். வாசிப்பை நிறுத்தவும் முடியாது, மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் ஓட்டிய ஓட்டத்தில், பாடகர் குழு மூன்றாம் சரணத்தில் இருக்க, கொட்டச்சேட்டுக் கோயில் சனம் இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட் ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடிக்கிற விரல்கள் அவை. அவற்றுக்கு ஓடத்தான் தெரியும்.

இந்த வருஷமும் ஓடினால் பழைய ஆர்மோனியத்தை இறக்கிவிடுவேன், கிதாரை வீட்டில் மாட்டிக்கொள் என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

சொன்னவரே கான்வென்ட்டில் கேட்டு ஒரு மெட்ரோனோமும் வாங்கிக் கொடுத்தார். சாவி கொடுத்தால் ஊசி இப்படியும் அப்படியும் ஆடி, தாளம் போடும் மரப்பெட்டி. மனுஷன் தப்புவான், மிஷின் தப்பாது என்றார்.

அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு பழகினாள். டிசம்பர் முழுக்க, சாயங்காலமானால் பாடகர் குழுவே அவள் வீட்டில்தான். ஆளுக்கொரு தம்ளர் காப்பியோடு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். மிஷின்தான் இருக்கிறதே என்று மாஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் சாவி தீர்ந்து பெட்டி நின்றாலும் ஒருத்தரும் பிசகவில்லை.

அப்படியிருந்தும் இதென்ன சோதனை?

மாஸ்டர் கையை ஓங்கி ஓங்கி அடித்தார். குழு கண்டுகொள்ளவில்லை. முறைத்தார். முன்வரிசையில் பாடிய மரியபுஷ்பம் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சனமோ அதற்குள் பாட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சோடு ஆடத் தொடங்கியிருந்தது.

கடைசி அல்லேலூயாவில் குழு, கிதார், சனம் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்தக் கோயிலில் அப்படி ஒரு அதிசயத்தை யாரும் பார்த்ததில்லை. மாஸ்டரின் கை மட்டும் இன்னும் ஒரு தட்டு பாக்கி வைத்திருந்தது.

பூசை முடிந்ததும் நேரே அவளிடம் வந்தார்.

"ஏங்கண்ணு, அந்த மிஷின உங்க ஊட்ல எங்க வெச்சுப் பழகுன?"

மேசை மேல்தான் என்றாள். அவ்வளவுதான், எஸ்டேட் மேட்டில் இருந்த அவள் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். ஆர்மோனியம் வந்துவிட்டது என்றே முடிவுகட்டிக்கொண்டு ஜெயகுமாரி பின்னால் ஓடினாள்.

பெட்டிக்குச் சாவி கொடுத்துவிட்டு மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

டக்டக்... டக்டக்... டக்டக்...

மலைச்சரிவில் கட்டிய வீடு. தரை சாய்வு, அதனால் மேசையும் சாய்வு, பெட்டியும் சாய்வு. ஊசி ஒரு பக்கம் சட்டென்று திரும்பியது, மறு பக்கம் நிதானமாகத் திரும்பியது. காலில் முள் குத்தியவர் நடக்கிற நடை. அந்த நடையைத்தான் ஒரு குழுவே அட்சரம் பிசகாமல் கற்று வைத்திருந்தது.

ஜெயகுமாரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒரு தீப்பெட்டியைத் தேடி எடுத்து நீட்டினாள்.

மாஸ்டர் அதை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியோடு சேர்ந்து தொடையில் தட்டிப் பார்த்தார். தப்பியது. மறுபடி தட்டினார். மறுபடியும் தப்பியது.

"புது வருசப் பூசைக்குள்ள எனக்கும் இதச் சொல்லிக் குடு சாமி," என்றார்.